திம்மராயப்பா தடை செய்த வார்த்தை

போன மாதம் காவ்யாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையில், நான் உட்கார்ந்திருந்த அதே தர ஆய்வு மேஜையில், இப்போது உட்காருகிற பெண் அவள். பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் தொடுதிரை வைக்கப் போகிறார்களாம். ஷிஃப்ட் முடிகிறபோது மிஷினை என்ன செய்தோம் என்று திரையில் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். ஆங்கிலத்தில் இருந்த பட்டன்களுக்கெல்லாம் தமிழில் பெயர் போட்டாயிற்று, ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தாள். "அக்கா, அட்ஜஸ்டுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, போனே போட்டுவிட்டேன். "ஒரு வார்த்தை கிடையாது தாயி. ஆறேழு பட்டன் வையி. இறுக்கினேன், தளர்த்தினேன், ஏத்தினேன், இறக்கினேன், நகர்த்தினேன், அடியில தகடு வச்சேன்..."

"அவ்வளவுக்கு ஸ்க்ரீன்ல இடம் இல்லக்கா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஒண்ணாச் சொல்லுங்களேன்" என்றாள்.

முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, பாவம், அவளுக்கு என்ன தெரியும். "ஒரு வார்த்தைக்கு எதுக்குக்கா இவ்வளவு டென்ஷன்?" என்று கேட்டாள். போனில் சொல்கிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. நீங்களும் படியுங்கள்.

ஓசூரில் பிழைக்க வந்தவர்களுக்கு இந்த வார்த்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்திப்பள்ளி பக்கம் போகிற பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒரு அம்மா வந்து "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நம் பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்துவிடுவார். அங்கே அதற்கு 'தள்ளி உட்கார்' என்று பொருள். தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றால், அவர் தெலுங்கில் "கொஞ்செம் அட்ஜஸ்ட் சேஸ்கோம்மா" என்பார். அங்கே 'பொறுத்துக்கொள், இல்லையென்றால் காலி செய்' என்று பொருள். எனக்குக் கல்யாணம் ஆனபோது என் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து, மண்டபத்திலேயே காதோடு காதாக "அட்ஜஸ்ட் பண்ணிப் போளா" என்றாள். இங்கிலீஷில் ஏபிசிடி தெரியாத மனுஷி. 'எது சொன்னாலும் விழுங்கிக்கொள்' என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான் விழுங்கவில்லை, அது வேறு கதை.

எந்தப் பாஷையில் சொன்னாலும் கூடவே ஒரு 'கொஞ்சம்' ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? நிறைய அட்ஜஸ்ட் பண்ணு என்று இந்த உலகத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. எப்போதும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, யார் கையை விட்டுப் போகிறது என்பதைச் சொல்வதே கிடையாது.

பாலிடெக்னிக் டிப்ளமோவோடு நான் இங்கே வந்து இறங்கினபோது ஓசூர் குளிர்தான் முதலில் பயமுறுத்தியது. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது சினிமாவில் போடுவது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அளவு பார்க்கக் கற்றுக்கொண்டேன், கிண்டல்களைத் தாங்கக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டேன். அப்புறம் பிரஸ் ஷாப்பில் தர ஆய்வாளராகப் போட்டார்கள். ஆம்பளைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, நான்.

அந்த ஷாப்புக்கு ஃபோர்மேன் திம்மராயப்பா. தளி பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம். தமிழை எண்ணிக் காசு கொடுக்கிற மாதிரித்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டியவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவன் நெளிகிற வரைக்கும் மிஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரஸ் என்றால் மேலேயிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கி, அடியில் இருக்கிற அச்சின் மேல் வைத்த தகட்டை வெட்டும், அல்லது வளைக்கும். அச்சை மாட்டி, உயரம் சரி பார்த்து, முதல் பீஸ் அடிக்கிறவன் செட்டர். அந்த முதல் பீஸ் என் மேஜைக்கு வரும். நான் அளந்து பார்த்துச் சரியென்றால் அதில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பேன். அதைக் கம்பியில் கோத்து மிஷினிலேயே தொங்கவிடுவார்கள். ஷிஃப்ட் முடிகிறவரை அடிக்கிற ஒவ்வொரு பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். பொட்டு வைக்காமல் உற்பத்தி ஓடக் கூடாது. செட்டர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று "பொட்டு வைங்க மேடம், மாப்பிள்ளை காத்திருக்காரு" என்று கிண்டல் செய்வார்கள். "பொண்ணு கோணலா இருக்கு, திருப்பிக் கூட்டிட்டுப் போ" என்று நானும் விடுவேன்.

ஒரு நாள் ஒரு பிராக்கெட்டில் ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி வந்தது. திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் செட்டர் மறுபடி கொண்டு வந்தான், ஓட்டை சரியாக இருந்தது. "என்ன பண்ணினீங்க?" என்றேன். "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்றான். நான் பொட்டு வைக்கப் போனபோது பின்னாலிருந்து திம்மராயப்பாவின் குரல் கேட்டது.

"கை என்னா பண்ணுச்சு? அத்தச் சொல்லு."

"அதான் சார், அட்ஜஸ்ட்..."

"அது வாய் பண்ணுச்சு. கை என்னா பண்ணுச்சு?"

செட்டர் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். திம்மராயப்பா அவனை மிஷினுக்கு அழைத்துப்போய்ச் செய்ததைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னார். வேறு வழியில்லாமல் குனிந்து அச்சின் அடியிலிருந்து உருவினான். நாலாக மடித்த செய்தித்தாள். ஒரு பக்கம் தூக்கிக் கொடுப்பதற்காகத் திணித்திருக்கிறான். நூறு பீஸ் அடித்தால் எண்ணெயில் ஊறிக் கூழாகி, அச்சு மறுபடி சாய்ந்துவிடும். நான் பொட்டு வைத்திருப்பேன், கெட்ட பீஸ் வண்டி ஏறியிருக்கும், பழி என் தலையில் விடிந்திருக்கும்.

அன்றைக்கே திம்மராயப்பா அந்த வார்த்தையை ஷாப்பில் தடை செய்தார். மிஷினுக்கு ஒரு கரும்பலகை மாட்டினார். செய்ததை எந்தப் பாஷையிலும் எழுதலாம், அந்த வார்த்தையை மட்டும் எழுதக் கூடாது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எழுதத் தெரியாது என்றவர்கள் படம் போட்டார்கள். அப்புறம் பார்த்தால் எங்கள் ஆட்களின் வாயிலிருந்து எப்படியெப்படியோ வார்த்தைகள் வர ஆரம்பித்தன. காவேரிப்பட்டினத்து ஆள் 'நெம்பினேன்' என்று எழுதினான். வேப்பனப்பள்ளிக்காரன் தெலுங்கில் எழுதினதை இன்னொருத்தன் 'உதறிவிட்டான்' என்று படித்துச் சொன்னான். சேலத்துக்காரன் ஒருத்தன் 'தட்டிக் கெஞ்சினேன்' என்று எழுதிவிட்டுப் போனான். அதைக்கூட திம்மராயப்பா அழிக்கச் சொல்லவில்லை. "கரெக்டுதானே, அந்த மிஷினு அப்டித்தான்" என்றார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. தங்கச்சி வளைகாப்புக்கு லீவு கேட்டுப் போனேன். "என் மேஜைய யாராச்சும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுஷர் பேனாவை மூடி வைத்துவிட்டார். யார் உட்காருவார்கள், அவர்களுக்கு அளவுக்கருவி பிடிக்கத் தெரியுமா, முதல் பீஸை யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் ஆளின் பெயரைச் சொல்லி, அந்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தின பிறகுதான் கையெழுத்து போட்டார். மனசுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

இனிமேல் பெருமாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெருமாள் காவேரிப்பட்டினம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் மாந்தோப்பில் காலமெல்லாம் கூலிக்கு நின்றவர்கள். அந்த வீட்டிலிருந்து கம்பெனி யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் இவன்தான். பல வருஷமாகக் காண்ட்ராக்டில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் பர்மனென்ட் ஆகப் போகிறவர்களில் அவன் பெயரும் இருப்பதாகப் பேச்சு. "வசந்தா இப்பவே ஊரு பூரா சொல்லி வச்சிட்டாக்கா. ஆகலைன்னா நான் ஊருக்குள்ள போவ முடியாது" என்று சிரிப்பான். வசந்தா அவன் மனைவி. என் திருநெல்வேலிச் சீமைப் பேச்சைக் கிண்டல் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. "யக்கா, ஒங்கூருல 'ஏலே'ன்னு கூப்புட்டா அது மரியாதையா, திட்டா?" என்பான். "ஆளப் பொறுத்துலே" என்பேன்.

அவன் ஓட்டின பிரஸ் பழசு. முன்னால் இரண்டு பச்சை பட்டன், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பாரம் இறங்கும். கை இரண்டும் பட்டன் மேல் இருப்பதால் அச்சுக்குள் போக வழியில்லை. இன்னொரு விதமும் உண்டு. சாவி போட்டுத் திருப்பினால் பெடலுக்கு மாறும், காலால் மிதித்தால் இறங்கும். நீளமான தகட்டைத் தள்ளி நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிக்கிற வேலைக்குத்தான் அது. சின்ன பீஸுக்குக் கூடவே கூடாது. அதனால்தான் அந்தச் சாவி ஃபோர்மேன் இடுப்பில் இருக்கும். திம்மராயப்பா அதை பெல்ட்டில் வளையம் போட்டு மாட்டியிருப்பார். டீ குடிக்கப் போகும்போதும் கழற்ற மாட்டார்.

அன்றைக்கு ஒரு கிண்ணம் மாதிரியான பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அச்சில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, எட்டி, நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. திம்மராயப்பா வந்து பார்த்துவிட்டு அச்சைக் கழற்றி மெருகு போட வேண்டும் என்று சொன்னார். சாயங்காலம் வரைக்கும் ஆகும். வாசலில் பெங்களூர் போக வேண்டிய வண்டி நின்றுகொண்டிருந்தது. அங்கே வாங்குகிற கம்பெனியில் லைன் நின்றுவிடும் என்று போன் மேல் போன்.

பிளான்ட் ஹெட் இறங்கி வந்தார். நல்ல மனுஷர்தான், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மிஷினைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "திம்மராயப்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சிடுங்க. வண்டி மதியம் கிளம்பணும்" என்று சொல்லி, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு செட்டரிடம், என்னிடம் கேட்ட கேள்வியை இவரிடமும் கேட்பார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினார்.

எழுந்து போய், "என்ன சார், பெடலா?" என்றேன்.

"இன்னிக்கு மட்டும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பெருமாள் கையில் நீளமான இடுக்கி ஒன்றைக் கொடுத்தார். "இதுலதான் எடுக்கணும். கை உள்ள போவக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார். பெருமாள் தலையாட்டினான். பர்மனென்ட் ஆர்டர் வரப் போகிற நேரத்தில் அவன் வேறு என்ன செய்வான்?

வேகம் பிடித்துவிட்டது. மிதி, இடுக்கியால் எடு, வை, மிதி. வண்டியில் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் போய்த் திரும்பி வந்து, மறுபடி ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். பிரஸ் சத்தம் நடுவில் நின்றது. கத்தல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. எண்ணெயில் இடுக்கி வழுக்கியிருக்கிறது. கீழே விழுந்ததை எடுக்காமல் பழக்கத்தில் கையை நீட்டியிருக்கிறான். கால் பெடலில் இருந்திருக்கிறது.

அளவுக்கருவி துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துணி அத்தனையையும் வாரிக்கொண்டு ஓடினேன். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நின்றன. சுற்றிக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம், நானும் கூடவே ஏறினேன். முகம் வெளுத்துப் போயிருந்தது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. வழியில் என்னைக் கேட்டான்.

"யக்கா, இனிமே பர்மனென்ட்டு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கலே, குடுக்காம எங்க போவாங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அவனுக்குக் குற்றச்சாட்டு வந்துவிட்டது. ஃபோர்மேன் மேஜையிலிருந்த சாவியை அனுமதியில்லாமல் எடுத்து, தானாகவே மிஷினை அட்ஜஸ்ட் செய்து, விபத்துக்குக் காரணமாகிவிட்டானாம். விசாரணை நடக்கும், நிரூபணமானால் வேலை போகும். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? திம்மராயப்பாவின் சாவி மேஜையில் கிடந்ததை அந்த ஷாப்பில் ஒருத்தராவது பார்த்திருப்பார்களா? ஆனால் எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், வாயை மூடிக்கொண்டார்கள். விரல் இல்லாத ஆபரேட்டர், அதுவும் பாதுகாப்பை மீறினவன் என்று பெயர் வாங்கினவன். அவனை சிப்காட்டில் எந்த கேட்டில் உள்ளே விடுவார்கள்? அவன் அப்பாவைப் போல மறுபடி மாந்தோப்பில்தான் நிற்க வேண்டும். அதற்கும் கை வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் ஹெச்.ஆர். அதிகாரி என் மேஜைக்கு வந்தார். இளம் வயசு, மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நாளைக்கு உங்களையும் கூப்பிடுவாங்க. மிஷின் பெடலுக்கு அட்ஜஸ்ட் பண்ணப்பட்டிருந்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும். அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல தம்பி. ஆளும் இல்லையே அதுல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம் நேராகத் திம்மராயப்பாவிடம் போனேன். விபத்துக்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. சாவி எங்கே இருந்தது என்று அவர் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அவருக்கு ஒன்றும் ஆகாது. ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் இருந்தது, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"நீ பாத்தியா அன்னிக்கு?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"அப்ப பாத்தத சொல்லு. என்ன எதுக்குக் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மேல் மாடியில் ஏசி அறையில் விசாரணை. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, பக்கத்தில் ஹெச்.ஆர்., ஓரமாக பிளான்ட் ஹெட். பெருமாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மிஷினைப் பெடலுக்கு மாற்றியது யார் என்று தெரியுமா என்று கேட்டார்கள். எனக்கு அந்தத் தொழிலில் ஒரு முதுகெலும்பு இருக்கிறது என்றால் அதை வைத்தவர் திம்மராயப்பா. அவருக்கு எதிராக வாயைத் திறக்க வேண்டும். பெருமாள் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபோர்மேன் சார் சாவி போட்டுத் திருப்பினார். நான் பார்த்தேன்" என்றேன்.

அடுத்து திம்மராயப்பாவைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அந்தம்மா சொன்னது சரி. சாவி என் இடுப்புல இருந்துச்சு. மேஜையில இல்ல. நான் எடுத்தேன். நான் போட்டேன். நான் திருப்பினேன். பெருமாளு கையில இடுக்கியக் குடுத்தேன். அச்சக் கழட்டியிருக்கணும், கழட்டல. அப்புறம் என் ரூமுக்குப் போயி உக்காந்துக்கினேன்."

"விதி தெரிஞ்ச நீங்க ஏன் அப்படிப் பண்ணினீங்க?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

திம்மராயப்பா பெயர் சொல்லவில்லை. திரும்பி பிளான்ட் ஹெட்டைப் பார்த்தார். மிஷின் பக்கத்தில் ஆளை நிறுத்திப் பார்ப்பாரே, அதே பார்வை. பிளான்ட் ஹெட் நெளிந்தார். "நான் பொதுவாச் சொன்னேன். பெடலுக்கு மாத்துங்கன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார்.

"ஆமா சார். நீங்க எதையும் சொல்லல" என்றார் திம்மராயப்பா.

அவ்வளவுதான் விசாரணை. அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருமாள் மேல் போட்ட குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதம் கழித்து பர்மனென்ட் ஆர்டரும் வந்தது, டூல் ஸ்டோரில் வேலை. திம்மராயப்பாவை சஸ்பெண்ட் செய்து, திரும்ப எடுத்து, ஸ்கிராப் எடை போடுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். பிளான்ட் ஹெட் பதவி உயர்வோடு வடக்கே ஒரு பிளான்ட்டுக்குப் போனார். உலகம் அப்படித்தான், இதற்கெல்லாம் ஆச்சரியப்படுகிற வயசு எனக்குப் போய்விட்டது. புது பிரஸ்களில் இப்போது பெடல் கிடையாது. முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை, கை நுழைந்தாலே நின்றுவிடும்.

ஆர்டர் வந்த பிறகு பெருமாள் ஷாப்பில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். ஸ்கிராப் யார்டுக்கு மட்டும் போகவில்லை. திம்மராயப்பா எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். எனக்குக் கோபம். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷர், அதற்காகப் பழைய இரும்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு லட்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு நாள் ஸ்பேனர் வாங்கப் போன சாக்கில் ஸ்டோரிலேயே கேட்டுவிட்டேன். அவன் ஸ்பேனரை எடுத்து வைத்தான், அவ்வளவுதான். திம்மராயப்பாவிடம் சொன்னபோது, "அவன் கரெக்டும்மா. நான்தான் போவணும், அவன் ஏன் வரணும்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் போனோம். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை, வெளிப்படையாகவே சொன்னார். வசந்தா வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டாள். "வாங்கக்கா, வாங்க சார்" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பெருமாள் வாங்க என்று சொன்னான், அதற்கு மேல் பேசவில்லை. மழை பேசினோம், மாங்காய் விலை பேசினோம், பஸ் பேசினோம். திம்மராயப்பா சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.

சாப்பிடாமல் விடுவார்களா? களி கிண்டி, கோழிக் குழம்பு வைத்து, இரண்டு தட்டு மட்டும் போட்டாள். "பெருமாளுக்கு?" என்றேன். "நீங்க சாப்புடுங்கக்கா, நான் பொறவு சாப்புட்டுக்கறேன்" என்று அவன் சொன்னான். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேன்டீனிலும் அவன் எல்லோரும் எழுந்து போன பிறகுதான் உட்காருவான், நான் அதை வேலைப்பளு என்று நினைத்திருந்தேன். களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் தொட்டு விழுங்க விரல் வேண்டும். அவனுக்கு இடது கையில்தான் முழுசாக விரல் இருந்தது. நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிட அவனால் முடியவில்லை.

திம்மராயப்பாவுக்கும் புரிந்துவிட்டது. தட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"சாப்புடுங்க சார்" என்றான் பெருமாள்.

அவர் சாப்பிடவில்லை.

பெருமாள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "விசாரணையில அவ்ளோ பேரு நடுவுல நின்னு பேசினீங்களே சார். அந்த வாய அன்னிக்கு மிஷினாண்ட தொறந்து, என்னா பண்ணச் சொல்றீங்கன்னு அவர ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? என் கை இருந்திருக்குமே."

நான் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். திம்மராயப்பா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"கேட்டிருக்கணும் பெருமாளு. பெரியவங்கன்னு பயந்துக்கினேன். கேக்கல" என்றார். குரல் உடைந்து போயிற்று. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

களி ஆறிக்கொண்டிருந்தது. பெருமாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"வசந்தா, எனக்கும் ஒரு தட்டு வையி."

அவள் கொண்டுவந்து வைத்தாள். எங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, "சாப்புடுங்க சார், ஆறிப்போவுது" என்றான்.